அதே மாதிரி ஒன்று கொடுங்கள்

சமையலறைக் குழாய் இரவு பத்தரைக்கு மேல்தான் சொட்டத் தொடங்குகிறது. பகலெல்லாம் சொட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும். மிக்சியும் குக்கரும் சீரியலும் ஓய்ந்தபின் எவர்சில்வர் தொட்டியில் விழும் ஓசை அப்போதுதான் காதுக்கு எட்டுகிறது. முதல் வாரம் இன்னும் கொஞ்சம் இறுக்கி மூடுவோம். இரண்டாம் வாரம் கடைசியாகப் பாத்திரம் கழுவியது யார் என்று விசாரணை நடக்கும். மூன்றாம் வாரம் குழாய்க்கு அடியில் ஒரு கிண்ணம் வந்து உட்கார்ந்துவிடும்.

கிண்ணத்துக்குப் பதில் 200 மில்லி டம்ளரை வைத்து, கடிகாரத்தைப் பார்ப்பது நல்லது. இருபது நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 600 மில்லி, நாளைக்கு 14.4 லிட்டர். அதாவது ஏறக்குறைய ஒரு பிளாஸ்டிக் குடம். 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்த கோடையைப் பார்த்தவர்களுக்கு ஒரு குடம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

ஆக, ஹார்டுவேர் கடைக்குப் போகிறோம். போய் நின்றதும் எல்லாரும் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: "அதே மாதிரி ஒண்ணு கொடுங்க." எதை மாதிரி என்று கடைக்காரர் கேட்பார். வால்வு என்று சொன்னால் மொட்டைமாடிக்கான கேட் வால்வையோ, தொட்டியின் பால் வால்வையோ எடுத்து வைப்பார். குழாய்க்குள் இருந்து நீரைத் திறந்து மூடும் உறுப்புக்கு நம் கடைகளில் ஸ்பிண்டில் என்றும் ஃபிட்டிங் என்றும் பெயர். ஒற்றைக் கைப்பிடி மிக்சராக இருந்தால் கார்ட்ரிட்ஜ். பெயர் சரியாக வந்ததும் அடுத்த கேள்விகள் வரிசையாக விழும். ஃபுல் டர்னா, ஹாஃப் டர்னா, குவார்ட்டர் டர்னா? பல் எத்தனை? பாடி எந்தக் கம்பெனி? நாம் கைபேசியில் எடுத்துப்போன மங்கலான படத்தைக் காட்டுவோம். அவர் அதைப் பார்த்துவிட்டு நம்மைப் பார்ப்பார்.

இந்தக் கேள்விகள் எல்லாம் குழாயோடு பொருந்துவதைப் பற்றியவை. அதற்கு முன்னால் ஒரு கேள்வியும் பின்னால் ஒரு கேள்வியும் இருக்கின்றன. அவற்றைக் கடையில் யாரும் கேட்பதில்லை. சொட்டுவது உண்மையில் அந்த உறுப்பாலா என்பது முன்னது. நம் வீட்டுத் தண்ணீருக்கு அந்த வகை ஒத்துவருமா என்பது பின்னது. ஒரே குழாய்க்கு வருடத்தில் மூன்று முறை ஸ்பிண்டில் மாற்றும் வீடுகளில் பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகளும் விடுபட்டிருக்கும். என் வீடும் அதில் ஒன்றாக இருந்தது.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பழைய பித்தளைக் குழாயின் வயிற்றுக்குள் ஒரு குறுக்குச் சுவர் உண்டு. அதில் வட்டமாக ஒரு துளை. துளையின் விளிம்பு சற்றே மேடாக, வழவழப்பாகக் கடையப்பட்டிருக்கும். கைப்பிடியைத் திருகினால் மரையில் இறங்கும் தண்டு, நுனியில் இருக்கும் ரப்பர் வாஷரை அந்த விளிம்பின்மேல் அழுத்தி மூடுகிறது. இங்கிலாந்தின் ராதர்ஹாமில் இருந்த கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் என்ற பித்தளை வார்ப்பாலை 1845இல் காப்புரிமை பெற்ற திருகுக் குழாயின் ஏற்பாடு இதுவே. சென்னைக்குச் செங்குன்றம் ஏரியிலிருந்து முறையான நீர் வழங்கல் தொடங்கியது 1872இல். நகரத்தின் குடிநீர்த் திட்டத்தைவிட மூத்த ஒரு பொறிமுறை இன்றும் நம் துவைக்கும் கல்லருகே வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்த வகையில் தேய்வது வாஷர்தான், தேய்வதற்காகவே வைத்தது. முன்பு தோலில் வந்தது, பிறகு ரப்பரில். சைக்கிள் டியூபை வெட்டிப் போடுவதும், அறுந்த ஹவாய் செருப்பின் அடியை வட்டமாக நறுக்கிப் போடுவதும் நம் வீடுகளில் நடந்த வைத்தியங்கள். டியூப் மெல்லியது, விளிம்பு அதை ஒரு மாதத்தில் வெட்டிவிடும். செருப்பு ரப்பர் பஞ்சுபோல் அமுங்கும், பிறகு எழாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும்போது அவை கைகொடுத்தன என்பதை மறுக்க முடியாது.

அடுத்த வகை பீங்கான் தட்டு. கால்சுற்றில், அதாவது 90 பாகையில் முழுக்கத் திறந்து மூடும் குழாய்களில் இருப்பது இதுதான். அரைச்சுற்று வகைகளிலும் பீங்கான் உண்டு. அலுமினா எனப்படும் அலுமினிய ஆக்சைடில் செய்த இரண்டு வட்டத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். கீழ்த்தட்டு அசையாது. மேல்தட்டு கைப்பிடியோடு சுழலும். இரண்டிலும் உள்ள துளைகள் நேருக்கு நேர் வந்தால் நீர் ஓடும், விலகினால் நிற்கும். இடையில் ரப்பர் கிடையாது. கண்ணாடிபோல் தேய்த்த இரு பரப்புகளின் ஒட்டுதல்தான் நீரைத் தடுக்கிறது. மேலே ரப்பர் இல்லையே தவிர, ஸ்பிண்டிலின் அடியில் தடித்த ரப்பர் வளையம் ஒன்று உண்டு. அது குழாயின் உள்தரையில் பதிந்து உட்கார வேண்டும். "பீங்கான் போயிடுச்சு" என்று கழற்றி வீசப்படும் ஸ்பிண்டில்களில் எத்தனையோ, இந்த வளையம் இறுகிப்போனதால் மட்டும் சொட்டியவை.

மூன்றாவது, ஒற்றைக் கைப்பிடி மிக்சரின் கார்ட்ரிட்ஜ். 1937இல் ஆல் மோயன் என்ற அமெரிக்க மாணவர் கைகழுவப் போய், எதிர்பாராத வெந்நீரில் கையைச் சுட்டுக்கொண்டார். ஒரே பிடியில் சூட்டையும் அளவையும் அடக்கும் குழாயை அதற்குப்பின் வரையத் தொடங்கினார். 1947இல் சான் பிரான்சிஸ்கோவில் அது விற்பனைக்கு வந்தது. நம் சமையலறைகளில் பாதிக்கு வெந்நீர் இணைப்பே கிடையாது. ஆனாலும் மிக்சர் மாட்டுகிறோம். ஒரு வாயை அடைத்துவிட்டோ, இரண்டு வாய்க்கும் பச்சைத் தண்ணீரையே கொடுத்தோ ஓட்டுகிறோம். பார்க்க அழகாக இருக்கிறது என்பதைத் தவிர இதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

சொட்டு எங்கிருந்து வருகிறது என்பதைக் கழற்றாமலே ஓரளவு சொல்லிவிடலாம். குழாயை மூடியபின் மூக்கு நுனியில் ஓயாமல் சொட்டினால் வாஷர், விளிம்பு, பீங்கான், அடிவளையம் ஆகிய நால்வரில் ஒருவர் குற்றவாளி. திறந்திருக்கும்போது கைப்பிடியின் கழுத்தில் கசிந்து, மூடினால் நின்றுவிட்டால் வாஷரை மாற்றி ஒரு பயனும் இல்லை. தண்டைச் சுற்றியுள்ள ஓ-ரிங்கோ, பழைய குழாயானால் அங்கே திணித்த நூலோ தளர்ந்திருக்கிறது. அன்னக்கழுத்துக் குழாயில் கழுத்து சுழலும் அடிப்பகுதியில் நீர் ஊறி, கடப்பைக்கல்லில் குளம் கட்டினால் அங்குள்ள ஓ-ரிங்குகள்தான் போயிருக்கின்றன. கார்ட்ரிட்ஜ் வாங்கிப் பணத்தை விரயமாக்க வேண்டாம். மூடிய பிறகு அரை நிமிடம் சொட்டிவிட்டு நின்றுவிட்டால் அது பழுதே அல்ல. உயர்ந்து வளைந்த கழுத்துக்குள் மிச்சமிருந்த தண்ணீர் வடிகிறது, அவ்வளவுதான். இதைப் பழுது என்று நினைத்து நல்ல கார்ட்ரிட்ஜை மாற்றியவர்கள் உண்டு.

விளிம்பு விஷயத்தை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆறு மாதத்தில் நான்கு வாஷர் போட்டேன். ஒவ்வொன்றும் முதல் வாரம் நன்றாக மூடும், மூன்றாம் வாரம் சொட்டும். கடைசியில் வந்த பிளம்பர் வாஷரைக் கையில்கூட எடுக்கவில்லை. கைபேசி விளக்கைக் குழாயின் வயிற்றுக்குள் அடித்துப் பார்த்துவிட்டு, "சீட்டு போயிடுச்சு சார்" என்றார். சீட்டுக் கம்பெனியில் பணம் போட்டு ஏமாந்தவனிடம் சொல்வதுபோல அவ்வளவு வருத்தமாகச் சொன்னார். வாஷர் அமரும் அந்த வட்ட விளிம்புக்குத்தான் தொழிலில் சீட்டு என்று பெயர். அதில் நகம் தட்டும் அளவுக்கு ஒரு கோடு விழுந்திருந்தது. மூடிய குழாயில் மெல்லிய கசிவு ஒரே இடத்தில் மாதக்கணக்கில் பாய்ந்தால் பித்தளையையே அரித்துவிடும். பிறகு எத்தனை புது ரப்பர் வைத்தாலும் அந்தக் கோட்டின் வழியே நீர் வரும். கோட்டின் கூர்முனை ரப்பரையும் வெட்டும். இறுக்கி மூட மூட வெட்டு ஆழமாகும்.

சீட்டைத் தேய்த்துச் சமமாக்க ஒரு கருவி இருக்கிறது. குழாயின் மரையிலேயே திருகி நிறுத்தி, நுனியில் இருக்கும் பல்சக்கரத்தைச் சுழற்றினால் விளிம்பு ஒரு மயிரிழை சீவப்பட்டுப் புதிதாகும். அதை வைத்திருக்கும் பிளம்பர்கள் குறைவு. இன்னொரு வழி, அதே உடம்பில் கால்சுற்றுப் பீங்கான் ஸ்பிண்டிலைப் போடுவது. அதன் அடிவளையம் வாஷரைவிடத் தடிப்பானது, விளிம்பில் அகலமாகப் பதியும், உராய்ந்து சுழலாது. கோடு மெல்லியதாக இருந்தால் வளையம் அதை நிரப்பிவிடும். ஆழமாக இருந்தால் எதுவும் நிற்காது.

இப்போது அளவுகளுக்கு வருவோம். கழற்றிய பழைய உறுப்பைக் கையில் எடுத்துப்போனால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. மீதிப் பாதி, "அரை இஞ்ச்" என்ற சொல்லில் இருக்கிறது. ஸ்பிண்டிலின் மரையை அளந்து பார்த்தால் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ., எங்கேயும் வராது. வெளிவிட்டம் ஏறக்குறைய 21 மி.மீ. இருக்கும். காரணம், அந்தப் பெயர் மரைக்கு உரியதல்ல. பழைய இரும்புக் குழாயின் உள்துளை அரை அங்குலம்; அதன் வெளிப்புறத்தில் வெட்டிய மரைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. 1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த 55 பாகை மரை வடிவத்தின் வழிவந்த பிரிட்டிஷ் குழாய் மரை இது. அரை அங்குல அளவில் ஓர் அங்குலத்துக்கு 14 மரை. முக்கால் அங்குலத்துக்கும் அதே 14 மரைதான், ஆனால் வெளிவிட்டம் 26.4 மி.மீ. ஆகவே மரையின் நெருக்கத்தை மட்டும் பார்த்துப் பொருந்தும் என்று முடிவு கட்டக் கூடாது.

வெர்னியர் இல்லாதவர்கள் பூத்தொடுக்கும் நூலை எடுத்து மரையின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, நூலை ஸ்கேலில் வைத்துப் பார்க்கலாம். 66 மி.மீ. அளவில் வந்தால் அரை அங்குலம். 83 வந்தால் முக்கால். கடைகளில் கிடைக்கும் பொதுவான ஸ்பிண்டில்களில் பெரும்பாலானவை அரை அங்குலம். சில கம்பெனிகள் தமக்கென்று தனி மரை வைத்திருக்கின்றன. அப்படியானால் குழாயில் பொறித்த பெயரைப் பார்த்து அந்தக் கம்பெனியின் உறுப்பையே தேட வேண்டியதுதான். கட்டாயப்படுத்தித் திருகினால் உடம்பின் மரை கெடும், பிறகு குழாயே போகும்.

மரைக்கு அடுத்தது பல். கைப்பிடி மாட்டும் நுனியில் நீளவாட்டில் வெட்டிய வரிப்பற்கள் இருக்கும். இருபது பல் உள்ளது அதிகம் கிடைக்கிறது, இருபத்து நான்கும் உண்டு, சில பழைய தண்டுகள் சதுர நுனி கொண்டவை. எண்ணும்போது ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பத்தொன்பதா இருபதா என்று மூன்று முறை எண்ணி மூன்று விடை பெறுவீர்கள். பல் எண்ணிக்கையில் ஒரு சின்ன வசதியும் இருக்கிறது. இருபது பல் என்றால் கைப்பிடியை 18 பாகைப் படிகளில் மாற்றி மாட்டலாம். மூடிய நிலையில் கைப்பிடி கோணலாக நின்றால் கழற்றி ஒரு பல் தள்ளிப் போட்டால் நேராகிவிடும். குழாயைத் திரும்பவும் கழற்ற வேண்டியதில்லை.

இவற்றைவிட முக்கியமானதும் யாரும் அளக்காததும் உயரம். ஸ்பிண்டிலின் காலருக்குக் கீழே, அடிரப்பரின் நுனி வரை உள்ள நீளம். பீங்கான் வகையில் இது உயிர்நிலை. நீளம் ஓரிரு மி.மீ. குறைந்தால் காலர் உட்கார்ந்துவிடும், ஆனால் அடிவளையம் தரையைத் தொடாது. பீங்கான் தட்டு ஒழுங்காக மூடினாலும் நீர் அதைச் சுற்றிக்கொண்டு மூக்குக்குப் போய்விடும். நீளம் கூடினால் வளையம் தரையில் முட்டி நிற்கும், காலர் உட்காராது, கழுத்தில் கசியும். புது ஸ்பிண்டில் போட்ட அன்றைக்கே சொட்டினால் "மால் சரியில்லை" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் நிறுத்தி உயரத்தைப் பாருங்கள். வாஷர் வகையில் இந்தத் தொல்லை குறைவு. தண்டு மேலும் கீழும் போவதால் இரண்டு மி.மீ. வித்தியாசத்தை அது தானே ஈடுகட்டிக்கொள்ளும்.

சுடுநீர், குளிர்நீர் என்று இரட்டைக் கைப்பிடி உள்ள குழாய்களில் ஒன்று இடப்பக்கம் திறக்கும், மற்றது வலப்பக்கம் திறக்கும். கால்சுற்று ஸ்பிண்டில்களும் அப்படியே இரண்டு திசைகளில் வருகின்றன. பலவற்றில் சிவப்பு, நீல வளையம் அடையாளமாக இருக்கும். திசை மாறிப்போனால் குழாய் வேலை செய்யும், ஆனால் மூடுவதாக நினைத்துத் திறப்பீர்கள்.

மிக்சர் கார்ட்ரிட்ஜில் மரையும் இல்லை, பல்லும் இல்லை. அது உருளை, அடியில் மூன்று துளை, இரண்டு உள்வரவு, ஒன்று வெளிப்போக்கு. விட்டம் 35 மி.மீ. அல்லது 40 மி.மீ. என்பதே பரவலானது, ஒல்லியான குழாய்களில் 25 மி.மீ. உண்டு. நூல் வைத்தியம் இங்கும் செல்லும்: சுற்றளவு 110 மி.மீ. என்றால் 35, 126க்கு அருகே என்றால் 40. விட்டம் ஒத்துப்போனதும் வாங்கிவிடாதீர்கள். அடிப்பாகம் தட்டையா, கால்வைத்து உயர்ந்ததா என்று பார்க்க வேண்டும். அடியில் உள்ள இரண்டு சிறு குமிழ்கள் குழாயின் குழிகளில் பொருந்த வேண்டும். மேலே நீட்டிய தண்டின் உயரமும் தடிமனும் கைப்பிடிக்கு ஒத்துவர வேண்டும். மிக்சர் விஷயத்தில் மட்டும் நான் "அதே மாதிரி" என்பதை விட்டுவிட்டு "அதேதான் வேண்டும்" என்று கேட்பேன்.

இனி தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க வரம்பாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600ஐ உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. நம் ஊர்களில் பல ஆழ்துளைக் கிணறுகள் அந்த உச்சத்தையும் தாண்டியவை என்பதை வாளியின் விளிம்பில் படியும் வெள்ளையே சொல்லும். அந்த வெள்ளை, அதாவது கால்சியம் கார்பனேட், குழாய்க்குள்ளும் படிகிறது. பீங்கான் தட்டுகளுக்கு இடையே பூசிய சிலிக்கோன் கிரீஸ் நாளடைவில் கழுவப்பட்டுப் போக, தட்டுகள் இறுகும், கைப்பிடி கடினமாகும். நாம் பலத்தைக் கூட்டுவோம். ஒருநாள் தண்டு முறியும்.

மணல் வேறு கதை. மணல் பீங்கானைக் கீறிவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். மோஸ் அளவில் குவார்ட்ஸ் மணலின் கடினம் 7, அலுமினாவின் கடினம் 9. ஆகவே கீறுவது அவ்வளவு எளிதல்ல. தட்டுகள் கத்தரிபோல் ஒன்றையொன்று கடக்கும்போது துளையின் விளிம்பில் மாட்டிய மணல் பரல் தட்டை நெம்பும், விளிம்பைச் சில்லாக உடைக்கும், அடிவளையத்தின் ரப்பரில் புதைந்துகொள்ளும். தொட்டி கழுவிய மறுநாளும் மோட்டார் பழுது பார்த்த மறுநாளும் கால்சுற்றுக் குழாய்கள் சொட்டத் தொடங்குவது இதனால்தான். ரப்பர் வாஷரில் மாட்டிய பரல் ரப்பருக்குள் அமுங்கிக்கொள்ளும், அல்லது அடுத்த முறை திறக்கும்போது அடித்துக்கொண்டு போய்விடும்.

அழுத்தமும் உண்டு. பத்து மீட்டர் உயர நீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். தனிவீட்டு மொட்டைமாடித் தொட்டி சமையலறைக் குழாய்க்கு மேல் இரண்டு மூன்று மீட்டர்தான் இருக்கும்; கால் பார்கூடச் சில வீடுகளில் தேறாது. பீங்கான் தட்டின் துளை சிறியது. வாஷர் குழாயில் தண்டு மேலே ஏறியபின் வழி முழுதும் திறந்துகிடக்கும். அடுக்ககத்தின் தரைத்தளத்தில் சீறும் அதே மாதிரி மிக்சர், உச்சித் தளத்தில் அழுது வடிவது இதனால்தான். பிரஷர் பம்ப் வைத்த வீட்டில் எதிர்த்தொல்லை: கால்சுற்றில் சட்டென்று மூடும்போது ஓடிவந்த நீர் முட்டி, குழாய்கள் சுவருக்குள் "டங்" என்று அதிரும்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், திருகுக் குழாய் பழசு, கால்சுற்று புதுசு, ஆகவே புதுசுதான் உயர்வு என்ற கடைக்கணக்கு எனக்கு ஒப்பவில்லை. மணலும் உப்பும் வரும் போர் தண்ணீர், தாழ்ந்த தொட்டி, இரண்டும் சேர்ந்த வீட்டில் முழுச்சுற்று ஸ்பிண்டிலும் சில ரூபாய் வாஷரும்தான் என் தேர்வு. தேய்ந்தால் மாற்றலாம், எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் வாஷர் கிடைக்கும். வடிகட்டிய நீரோ வழங்கல் வாரிய நீரோ மட்டும் வரும் குழாய்க்குக் கால்சுற்று நன்று. ஒரு விதிவிலக்கை ஒப்புக்கொள்ள வேண்டும். மூட்டுவலியால் விரல் மடங்காத என் அம்மாவுக்கு முழுச்சுற்றுக் குழாயை இறுக்கி மூட வராது. மாவுக் கையோடு புறங்கையால் தள்ளி மூடுவதற்கும் கால்சுற்றுதான் வசதி. அம்மா புழங்கும் குழாயில் கால்சுற்றுதான் போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே ஆங்கிள் காக்கில் ஒரு சின்னக் கம்பிவலை வைத்து மாதம் ஒருமுறை கழுவுகிறேன்.

உலோகத்தைப் பற்றிச் சுருக்கமாக. திருகுக் குழாய்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 781, அந்த எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள குழாயை வாங்கினால் உடம்பைப் பற்றிய கவலை இல்லை. தனியாக விற்கும் ஸ்பிண்டில்களில்தான் கலப்படம். நிக்கல் பூச்சுக்குக் கீழே துத்தநாகக் கலவை இருக்கும். காந்தம் அதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் பித்தளையிலும் காந்தம் ஒட்டாது. அடிப்பக்கத்தில் கத்தி நுனியால் ஒரு சிறு கீறல் போட்டுப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை, சாம்பல் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். ஒரு கடையில் எனக்கு "ஒரிஜினல்" என்று கொடுத்த சாம்பல்நிற ஸ்பிண்டிலின் பற்கள் நான்கே மாதத்தில் மழுங்கி, கைப்பிடி காற்றில் சுற்றியது.

மாட்டும் வேலையில் கெடுவது பெரும்பாலும் ஸ்பிண்டில் அல்ல, சுற்றியுள்ளவை. தொட்டிக்கு அடியில் இருக்கும் ஆங்கிள் காக்கைப் பத்து வருடமாக யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அது மூடாது, மூடினால் திறக்காது, வற்புறுத்தினால் அதுவே சொட்டும். சந்தேகமாக இருந்தால் மாடி கேட் வால்வை மூடிவிட்டு ஆரம்பியுங்கள். கைப்பிடியின் மூடியைப் பெயர்த்து, திருகை எடுத்து, கைப்பிடியை உருவியபின் குழாயைப் பாதி திறந்த நிலையில் வைத்து ஸ்பிண்டிலைக் கழற்ற வேண்டும்; மாட்டும்போதும் அப்படியே. மூடிய நிலையில் திருகினால் வாஷர் சீட்டில் முட்டி நசுங்கும். ஸ்பானரைப் போட்டு ஒரு கையால் திருகும்போது மறுகையால் குழாயின் உடம்பைத் துணி சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். சுவருக்குள் இருப்பது சி.பி.வி.சி. குழாய் என்றால், உடம்பு திரும்பும்போது முழங்கையில் விரிசல் விழும். பிறகு சொட்டுவது சுவர்.

டெஃப்லான் டேப் சுற்றும் பழக்கம் நமக்கு அதிகம். குழாய் சுவரில் ஏறும் மரைக்கு அது வேண்டும். ஸ்பிண்டிலின் மரைக்கு வேண்டாம். அங்கே அடைப்பது காலருக்குக் கீழுள்ள ஓ-ரிங் அல்லது ஃபைபர் வாஷர். டேப்பின் பிசிறு உள்ளே போனால் பீங்கானுக்கு அதுவும் ஒரு மணல்தான். பழைய ஸ்பிண்டிலை எடுத்தபின், புதியதைப் போடுவதற்கு முன் கேட் வால்வை ஒரு நொடி திறந்து மூடினால், குழாயில் தங்கிய துகள் வெளியே வந்துவிடும். ஒரு வாளியும் பழைய துண்டும் தயாராக இருக்கட்டும். நான் முதல் முறை இவை இல்லாமல் செய்தேன், மளிகைச் சாமான் அலமாரியில் துவரம்பருப்பு நனைந்தது.

சில குழாய்களுக்கு எந்த ஸ்பிண்டிலும் விடை ஆகாது. உடம்பு மரை மழுங்கி ஸ்பிண்டில் இறுகும் இடத்தில் வழுக்கினால், சீட்டில் விழுந்த கோடு பிளவாகி உள்சுவர் வரை போயிருந்தால், வார்ப்பில் ஊசித்துளை விட்டு வியர்ப்பதுபோல் ஈரம் பூத்தால் குழாயையே மாற்றுவதுதான் மலிவு. எங்கள் வீட்டுப் பழைய பித்தளைக் குழாயைப் போன வருடம் அப்படித்தான் கழற்றினேன். கிலோ கணக்கில் அதை வாங்கிப்போக வந்தவர் உள்ளே ஸ்பிண்டில் இருக்கிறதா என்று திருகிப் பார்த்தார். "இது நல்லா இருக்குண்ணே, எடுத்து வச்சுக்கங்க" என்று அதைத் தனியே கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, உடம்பை மட்டும் தராசில் வைத்தார்.